சரீரம் உயிர்த்தெழுதலுக்கு வகுப்பில் இடம் கொடுங்கள்

தமிழகத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும் குருமார்களுக்கும், ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் வருகிற பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கும் உபதேசியார்களுக்கும்,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

நான் குருப்பட்டம் பெற்றவன் அல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் உதவி செய்கிற ஒரு சபையார். அந்த வகுப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தும் படிப்பு, வேலை, வெளியூர் என்று, சபைக்கு முன் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலைத் தள்ளிப்போட்டு நாற்பது வயதில் வருகிறவர்கள் உண்டு. கல்யாணத்தின் வழியாகச் சபைக்குள் வந்தவர்கள் உண்டு. வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு மனசு கேட்காமல் வந்து உட்காருகிறவர்களும் உண்டு. இவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதற்கு நம் பாடத்தில் இடமே இல்லை என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்கிறோம். "பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று முடிக்கிறோம். அந்தக் கடைசி வரி வகுப்பில் என்ன ஆகிறது? படைப்புக்கு ஒரு வாரம், சிலுவைக்கு ஒரு வாரம், சபைக்கும் ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் தலைக்கு ஒரு வாரம். அதற்குள் திடப்படுத்தலுக்குப் பேராயர் வரும் தேதி நெருங்கிவிடுகிறது. நான் பார்த்த பாடக் குறிப்புகள் பலவற்றில் மரணத்தைப் பற்றி இருப்பது ஒரே வாக்கியம்: விசுவாசி இறந்தால் அவருடைய ஆத்துமா பரலோகம் போகும். அவ்வளவுதான்.

அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பாதிதான். சபை விசுவாசிப்பதில் மற்றவர்கள் ஏற்கத் தயங்குகிற பாதி, கல்லறைப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அதிகம் தேவைப்படுகிற பாதி, அங்கே விடுபட்டுப் போகிறது.

ஆத்துமா அழியாது என்று பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பிளேட்டோவைப் படித்த ஊர் அது; அப்படி நம்புகிறவர்கள் அங்கே எத்தனையோ பேர். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று சொன்ன உடனேதான் சிலர் இகழ்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. கி.பி. 177-இல், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி எழுந்து வருவார்கள், பார்ப்போம் என்பதுதான் எண்ணம். அந்தச் சபை எழுதிய கடிதத்தைச் சரித்திர ஆசிரியர் யூசேபியு தன் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் எதை நம்பிச் சாகத் துணிந்தார்கள் என்பது கொன்றவர்களுக்குக் கூடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம் வகுப்பை முடித்துச் சான்றிதழோடு போகிறவருக்கு அது தெரிகிறதா?

பெரியவர்களுக்கு இதை எளிதாகவே சொல்லலாம். வேதம் இரண்டு கட்டங்களாகப் பேசுகிறது. மனந்திரும்பிய கள்ளனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்கிறார். பவுலும் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். ஆக, மரித்தவர் கிறிஸ்துவின் கையில் பத்திரமாக இருக்கிறார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது சரீர மீட்புக்குக் காத்திருக்கிறோம் என்கிறார். கொரிந்தியருக்கு ஒரு முழு அதிகாரமே எழுதுகிறார்: "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." தேவன் படைத்து நல்லது என்று கண்ட உடம்பை அவர் மண்ணோடு விட்டுவிடப் போவதில்லை. பரதீசு காத்திருக்கும் இடம். முடிவு உயிர்த்தெழுதலும் புதிய வானமும் புதிய பூமியும்தான்.

இந்த இடைக்காலத்தைப் பற்றிச் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபை, பரலோகம் போகுமுன் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் போதிக்கிறது, மரித்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளைத் தொடங்கிய சீர்திருத்தவாதிகள் அதை மறுத்தார்கள். ஆனால் அவர்களுக்குள்ளும் மரணத்தைப் பற்றிப் பேச்சு ஒரே மாதிரி இல்லை. லூத்தர் மரணத்தை ஆழ்ந்த தூக்கம் என்று பேசப் பிரியப்பட்டார். ஆத்துமா நினைவற்றுத் தூங்குகிறது என்ற போதனையை எதிர்த்துக் கால்வின் இளம் வயதிலேயே ஒரு நூல் எழுதினார். இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவில், சரீரம் உயிர்த்தெழும் என்பதில் இவர்கள் யாரும் பிரியவில்லை. பெரியவர்களிடம் இப்படித் திறந்து சொன்னால் அவர்கள் குழம்ப மாட்டார்கள். வீட்டு வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்க வருகிறவர் வேறு ஒன்றைச் சொல்லும்போதுதான், நம் சபையில் இதைப் பற்றிப் பேசவே இல்லையே என்று குழம்புகிறார்கள்.

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரு பற்றியும் ஒரு வார்த்தை. உயிர்த்தெழுதல் என்றதும் வகுப்பில் பலர் சொல்வது அவர் பெயரைத்தான். லாசரு திரும்பி வந்தது இதே வாழ்க்கைக்கு. அவர் மறுபடியும் ஒருநாள் மரித்தார். கிறிஸ்து எழுந்தது அப்படியல்ல, மரணம் இனி அவரை ஆண்டுகொள்வதில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால், ஈஸ்டர் என்பது பெரிய அற்புதங்களில் ஒன்று என்ற அளவில் நின்றுவிடும். அதேபோல மறுபிறவியை நம்பும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. வேறு உடம்பில் வேறு ஆளாக வருவதை அல்ல, இந்த மனிதரே, இவருடைய சரீரமே மறுரூபமாக்கப்படுவதைச் சபை எதிர்பார்க்கிறது என்று அமைதியாக விளக்கினால் போதும். உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. "என்னைத் தொட்டுப்பாருங்கள்" என்றார். பொரித்த மீன் சாப்பிட்டார். உயிர்த்தெழுதலை நம்பத் தயங்கிய சீஷன் தோமா பார்க்க விரும்பியதும் அந்தத் தழும்பைத்தான். அந்தத் தோமா நம் சென்னை மண்ணில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். சாந்தோமில் அவர் பெயரால் கல்லறையே வைத்திருக்கிறோம். பட்ட காயம்கூட அழிக்கப்படாமல், மகிமையோடு வந்து நிற்கிறது. நோயிலும் விபத்திலும் உடம்பு சிதைந்து போன ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு இதைவிடப் பெரிய நற்செய்தி என்ன இருக்கிறது?

அடக்க ஆராதனைகளில் நாம் சொல்கிற சில வார்த்தைகளைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. "அழாதீர்கள், அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார்" என்கிறோம். அழுகிறவரை விசுவாசம் குறைந்தவர் போலப் பார்க்கிறோம். ஒப்பாரி வைக்கும் பாட்டியைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு மைக்கில் பாட்டுப் போடுகிறோம். இது எந்த வேதத்தில் இருக்கிறது? லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். பவுல் தெசலோனிக்கேயருக்குச் சொன்னது துக்கிக்காதீர்கள் என்றல்ல, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான். மரணம் நண்பன் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறது. சத்துரு வந்து வீட்டில் ஒருவரைப் பிடுங்கிக்கொண்டு போனால் அழத்தான் வேண்டும். ஆத்துமா மட்டும் போதும் என்று சொல்லிக் கொடுத்தால், மரணத்தில் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அப்போது அழுகைக்கும் இடமில்லை, ஈஸ்டருக்கும் வேலையில்லை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஆள் போனது. ஆழ்கடலுக்குப் போன பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாத குடும்பங்கள் அவை. அவர்கள் கிறிஸ்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கோயிலோடு பிறந்து கோயிலோடு வாழ்கிறவர்கள். அங்கே ஒரு தாய், என் மகனைக் கடல் வைத்திருக்கிறது, அவன் எப்படி எழுந்து வருவான் என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? ஆத்துமா போய்விட்டது, உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே என்பதா? அவள் பெற்று, குளிப்பாட்டி, சோறூட்டியது அந்த உடம்பைத்தானே. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு வரி இருக்கிறது: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கடல் கணக்குக் காட்ட வேண்டிய நாள் ஒன்று உண்டு என்று இந்த வரி சொல்கிறது. நியாயத்தீர்ப்பைப் பற்றிய பயமுறுத்தலாக மட்டுமே அந்த அதிகாரத்தை நாம் பிரசங்கிக்கிறோம். கடற்கரைச் சபைகளில் இந்த வரியை ஒரு வாக்குறுதியாகவும் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், எந்த வகுப்பிலும் கட்டாயம் வரும் ஒரு கேள்வி. புதிதாகச் சபைக்கு வந்தவர் தயங்கித் தயங்கி, பெரும்பாலும் வகுப்பு கலைந்த பிறகு, தனியாக வந்து கேட்பார்: "என் அப்பா இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எங்கே இருக்கிறார்?" சிலர் உடனே நரகம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சொல்ல நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்? நித்திய நியாயத்தீர்ப்பு உண்டு, கிறிஸ்துவே நியாயாதிபதி என்று சபை அறிக்கையிடுகிறது. யார் யாருக்கு என்ன தீர்ப்பு என்ற பட்டியலை அவர் நம் கையில் கொடுக்கவில்லை. அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் நாம் வேகமாகக் கடந்து போகிற இன்னொரு வரி இருக்கிறது: "பாதாளத்தில் இறங்கினார்." கிறிஸ்து காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்கிறது, மரித்தோரானவர்களுக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது என்றும் சொல்கிறது. இந்த வசனங்களுக்குப் பொருள் சொல்வதில் ஆதித் திருச்சபை முதல் இன்று வரை கருத்து வேறுபாடு உண்டு. எல்லோரும் தப்பிவிடுவார்கள் என்பதற்கு இதை ஆதாரமாக நான் காட்டவில்லை. ஆனால் மரித்தோரின் உலகத்திலும் கிறிஸ்துவுக்கு அதிகாரம் உண்டு என்பதைச் சொல்லலாம். ஆபிரகாம் கேட்டதையும் சேர்த்துச் சொல்லலாம்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" அப்பாவை அந்த நியாயாதிபதியின் கையில் விட்டுவிட்டு, அவருக்காகத் துக்கப்படவும் அவரை நன்றியோடு நினைக்கவும் அந்த மனிதருக்கு இடம் கொடுங்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளையை இயேசுவும் எடுத்துச் சொன்னார்.

உடல் தகனம் பற்றியும் கேட்கிறார்கள். நகரங்களில் இது வெறும் ஆர்வத்தில் வரும் கேள்வி அல்ல. சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற பழைய கல்லறைத் தோட்டங்களில் புதிதாக இடம் கிடைப்பது பெரும்பாடு. குடும்பக் கல்லறையையே மறுபடியும் திறந்து அடக்கம் செய்கிறார்கள். எரித்தால் உயிர்த்தெழ முடியுமா என்று பயப்படுகிறவர்களுக்கு லியோன் இரத்தசாட்சிகளைக் காட்டினாலே போதும். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. அடக்கத்தையே அது இன்னும் விரும்புகிறது. சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது, பரிசுத்தமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் ரோம் அறிவுறுத்தியது. எரித்தாலும் புதைத்தாலும் உடம்பைக் குப்பை மாதிரி நடத்தக் கூடாது என்பதே அதன் சாரம். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. இரவோடு இரவாகச் சக மருத்துவர் ஒருவர் நின்று அவரை மண்ணில் வைத்தார். அவரை முறையாகக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய மனைவி நீதிமன்றம் வரை போனார். அந்த அம்மா போராடியது வெறும் சடங்குக்காக என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல்லறைத் தோட்டம் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. திருச்சி மேலப்புதூரில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துக் கட்டிய சுவரைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் போராட்டம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது ஒன்று மட்டும்தான் என்று யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. சுவர் இல்லாத இடங்களிலும் கோடு இருக்கிறது. இதைச் சமூகப் பிரச்சினை என்று தனியாக ஒதுக்கி, நீதிக் குழுவின் வேலை என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அது விசுவாசப்பிரமாணத்தின் மேல் எழுப்பிய சுவராகத் தெரிகிறது. "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். எக்காளம் தொனிக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கத்தவர் ஒரு கிறிஸ்துவிடமும் அந்தப் பக்கத்தவர் இன்னொரு கிறிஸ்துவிடமுமா போகப் போகிறார்கள்? ஆத்துமாவுக்குச் சாதி இல்லை என்று சொல்வது சுலபம். உடம்பு பரிசுத்தமானது, அதுவும் எழுந்திருக்கும் என்று நம்புகிறவர் அந்த உடம்பைத் தள்ளி வைத்துப் புதைக்க முடியாது. வகுப்பில் இதைச் சொல்லாத உபதேசியார், சரீரம் உயிர்த்தெழுதலைச் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கிறிஸ்து இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்று, அந்த இரகசிய வருகைக்கு வரைபடங்களோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் பண்ணி நேரத்தைச் செலவிட வேண்டாம். தெசலோனிக்கேயர் நான்காம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைச் சேர்ந்து வாசித்தால் போதும்: "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." பயப்படுத்த எழுதிய பகுதி அல்ல அது.

சரி, நான் கேட்பது என்ன? ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் நாம் ஒழுங்காக ஆசரிக்கிறோம். உபவாசம், வெள்ளிக்கிழமை ஆராதனை, வீட்டுக் கூட்டம், பெரிய வெள்ளியன்று மும்மணி நேரத் தியானம் என்று சபை முழுக்க ஒன்று கூடுகிறது. ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், பாடுகிறோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம், முடிந்துவிடுகிறது. திருச்சபை நாட்காட்டியில் ஈஸ்டர் ஒரு நாள் அல்ல. பரிசுத்த ஆவி இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது, பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த வாரங்களைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். 1 கொரிந்தியர் 15-ஐ அவசரப்படாமல் வாசியுங்கள். ஒரு ஞாயிறு வகுப்பைக் கல்லறைத் தோட்டத்திலேயே நடத்துங்கள். சுவரோ கோடோ இருந்தால் அதையும் காட்டிப் பேசுங்கள். சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவரை அழைத்து, அடக்க ஆராதனையில் எந்த வார்த்தை அவரைத் தாங்கியது, எது காயப்படுத்தியது என்று கேளுங்கள். அடக்க ஆராதனை நடத்துகிறவர்களுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

குருமார்களே, பெட்டியைக் குழிக்குள் இறக்கி, "மண்ணுக்கு மண்ணாகவும்" என்று சொல்லி ஒரு பிடி மண் போடும்போது உடனே அடுத்து வருகிற வாக்கியத்தைத் தயவுசெய்து மெதுவாக வாசியுங்கள். உயிர்த்தெழுதலின் நிச்சயமான நம்பிக்கையைப் பற்றிச் சொல்கிற வாக்கியம் அது. மண் விழும் சத்தத்திலும் அழுகையிலும் அது யாருக்கும் கேட்பதில்லை. ஒரு நிமிடம் காத்திருந்து, கேட்கும்படி சொல்லுங்கள்.

பாடத்திட்டத்தை மாற்றுகிற குழுக்கள் அடுத்து கூடும்போது இந்த மடலையும் மேசையில் வைப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வகுப்பில் பெரியவர்கள் மரணத்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் கேட்ட கேள்விகளை, யார் கேட்டது என்று சொல்லாமல், எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன். பாடம் எழுதுகிறவர்கள் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கட்டும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் அன்பான,
ஒரு சபையார்